ஆள் வேறு

சந்தனமாரி காலை ஏழு மணிக்கே வந்து வரிசையில் முதல் ஆளாக நின்றாள். ஏழு பத்துக்கெல்லாம் மிஷின் அவளை அவள் இல்லை என்று சொல்லிவிட்டது.

‘ஆள் வேறு’ என்று திரையில் சிவப்பு எழுத்து வரும். கூடவே ஒரு பெண் குரல் அதைப் படித்துச் சொல்லும். நாலு வார்த்தை திட்டிவிட்டால்கூடத் தேவலை என்று தோன்றும் அளவுக்கு மரியாதையான குரல்.

“என்ன டீச்சர் சொல்லுது இது?”

“முகம் சரியா விழல போல. மத்தியானம் வந்து பாரு. மூணு தடவை நிக்கலாம்.”

“நாந்தான் டீச்சர்.”

“தெரியும் சந்தனமாரி.”

தெரியாமல் என்ன? அவள் மகளுக்கு நான் அஞ்சாம் வகுப்பு எடுத்தவள். அவள் புருஷன் செத்த அன்று பள்ளிக்கூடத்திலிருந்து எல்லோரும் போய் வந்தோம். ஆனால் வாக்குச்சாவடித் தலைமை அலுவலரான எனக்குத் தெரிந்திருப்பது இப்போது சாட்சி ஆகாது. முன்பு கட்சி ஏஜெண்டுகள் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஒன்றுமில்லாததற்கெல்லாம் சண்டை போட்டுக்கொள்பவர்கள், ஆளை அடையாளம் சொல்வதில் மட்டும் ஒத்துப்போவார்கள். ‘இது நம்ம மாரிதான், விடுங்க’ என்று இரண்டு கட்சியும் சொன்னால் தீர்ந்தது. மிஷின் வந்த பிறகு அவர்களுக்கு வேலை இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம் சாமியானா போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

எனக்கு ஐம்பத்தொன்பது வயது. இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு. முப்பத்தைந்து வருஷமாக எந்தத் தேர்தல் வந்தாலும் டியூட்டி போட்டுவிடுவார்கள். முந்தின நாளே வந்து, இந்த உப்பளக் குடியிருப்புப் பள்ளியின் பெஞ்சில் படுத்து, குழாயில் வராத தண்ணீருக்குக் காத்திருந்து எழுந்தவளுக்கு, காலை ஏழு பத்துக்கே இடுப்பு விட்டுப்போயிருந்தது. அடுத்த ஆளும் ஆள் வேறு. அதற்கடுத்தவரும். பதினோரு மணிக்குள் நாற்பது பேரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரலும் அந்தப் பெண் குரல் மாதிரியே ஆகிக்கொண்டு வந்தது.

அட்டையில் போட்டோ இருந்தால் போதும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. போட்டோ பழசாகும், புதுசு எடுக்கவேண்டும். புதுசு எடுக்கிற சாக்கில்தான் ஆளையே மாற்றினார்கள். செத்தவர் பெயரில் வேறு முகம், ஊரைவிட்டுப் போனவர் பெயரில் வேறு முகம். அதற்குத்தான் இந்தச் சட்டம். ஒருவரை ஒரே ஒருமுறைதான் படம் எடுப்பது. பிறகு அந்தப் படத்தில் மனிதக் கை படக்கூடாது. மிஷினே வருஷா வருஷம் அதற்கு வயதேற்றும். உள்ளே இருக்கிற படமும் நம்மோடு சேர்ந்து நரைக்கும், சுருங்கும். தேர்தலன்று இரண்டையும் வைத்துப் பார்த்து, நூற்றுக்கு எழுபது ஒத்துப்போனால் ஓட்டுப்போடும் அறையின் கதவு நாற்பது வினாடி திறக்கும். ஒருமுறை திறந்துவிட்ட முகத்துக்கு அன்றைக்கு மறுபடி திறக்காது, எந்தப் பெயரில் வந்து நின்றாலும். கேட்டபோது நன்றாகத்தான் இருந்தது. ஆசிரியர் கூட்டத்தில் இதை விளக்கியபோது நானும் கை தட்டியிருக்கிறேன்.

பதினொன்றரை மணிக்குச் சந்தனமாரி மறுபடி வந்தாள். முகத்தை நன்றாகக் கழுவி, பொட்டில்லாத நெற்றியில் திருநீறு வைத்து, தலையை எண்ணெய் போட்டு வாரியிருந்தாள். மஞ்சள் கோட்டில் நின்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

ஆள் வேறு. ஐம்பத்தெட்டு.

“போன தரம் விட்டுச்சே டீச்சர்!”

“போன தேர்தல்ல எழுபத்தொண்ணு. தப்பிச்சுட்ட.”

அவள் நகரவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது.

“இன்னொரு தரமும் இப்படியே சொல்லிச்சுன்னா?”

எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூன்றாவது தடவையும் ஆள் வேறு என்றால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். ரேஷன், விதவை உதவித்தொகை, பட்டா என்று எல்லா அலுவலகமும் இந்தப் பட்டியலைத்தான் பார்க்கின்றன.

“பூரணத்துக்கு என்ன ஆச்சு, பாத்தியள்லா” என்றாள். பூரணம் அவளோடு உப்பு வாரியவள். “போன எலெக்‌ஷன்ல பேரை வெட்டுனாக. நாந்தான் பூரணம்னு மூணு வருசம் நடையா நடந்தா. போன மாசி செத்தும் போயிட்டா. இப்ப செத்ததுக்குச் சீட்டு வாங்க அவ மவன் அலையுதான். உசுரோட இருந்தவளே பூரணம் இல்லன்னா, செத்தவ யாருன்னு கேக்காக ஆபீஸ்ல.”

“நீ அவசரப்பட்டு மூணாவது தடவை நிக்காதே. சாயங்காலம் வரை டைம் இருக்கு. சாமியானாவுல உக்காரு.”

“நிக்காமலே போயிட்டா?”

“அதையும் மிஷின் மூணாவது தடவைன்னு எடுத்துக்கும்.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனாள். அந்தப் பார்வைக்கு நான் தகுதியானவள்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

மிஷினோடு வந்தவர் குருபரன். மிஷின் கம்பெனியின் ஆள், நாற்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். பன்னிரண்டரைக்குக் கூட்டம் ஓய்ந்ததும் பொட்டலத்தைப் பிரித்து எலுமிச்சைச் சோறு சாப்பிட ஆரம்பித்தார். விரலில் மை வைக்கிற சரோஜினி, அங்கன்வாடியில் இருப்பவள், ஊறுகாய் கொடுத்தாள். நான் சாப்பிடவில்லை.

“சார், இது ரிப்பேரா இருக்கும். அறுபத்தோரு பேர் ரெண்டு தடவை நின்னு ரெண்டு தடவையும் இல்லேங்குது. பக்கத்து மீனவர் குடியிருப்புல மொத்தமே அஞ்சு பேராம்.”

“ரிப்பேர் இல்ல டீச்சர். நாலு தடவை செக் பண்ணிட்டேன்.”

“மனுஷங்கதான் ரிப்பேரா?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “எங்கப்பா செத்து பதினாறாம் நாள் எலெக்‌ஷன். அப்ப எனக்கு இருபது வயசு. நான் ஓட்டுப் போடப் போறேன், எங்கப்பா பேருக்கு நேரா டிக் அடிச்சிருக்கு. கேட்டா, ‘உங்கப்பா காலையிலயே போட்டுட்டுப் போயிட்டாரு தம்பி’ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எவனோ அவர் பேர்ல கையெழுத்துப் போட்டிருக்கான் டீச்சர். எங்கப்பாவுக்குக் கையெழுத்தே தெரியாது, கைநாட்டுதான்.” சோற்றை மூடி வைத்துவிட்டார். “அதுக்கப்புறம்தான் இந்த வேலைக்கு வந்தேன். இது வந்ததுக்கப்புறம் ஒரு கள்ள ஓட்டு விழல. அதை நீங்க மறந்துடக்கூடாது.”

மறக்கவில்லை. அந்தக் காலத்துப் பெஞ்சில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அடியாள் ஒருவன் ஒரே சட்டையில் நாலு தடவை வந்ததைப் பார்த்தும் பார்க்காதவள் மாதிரி இருந்திருக்கிறேன்.

“அப்ப ஏன் சார் இங்க மட்டும் இப்படி?”

“முதல் படம்தான் காரணம். அதைப் பார்த்துத்தான் மிஷின் முடிவு பண்ணும், இவங்க வெயில்ல உழைக்கிற ஆளா, நிழல்ல இருக்கிற ஆளான்னு. அந்தந்த மாதிரி வயசேத்தும். மீனவர் குடியிருப்புல எல்லாரும் வெயில் கணக்கு. இங்க பாருங்க, பொம்பளைங்க, ஆம்பளைங்க அத்தனை பேரும் நிழல் கணக்குல ஏறியிருக்கு. எப்படி ஏறிச்சுன்னுதான் எனக்கும் புரியல. படமெல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்கு.”

எனக்குப் புரிந்துவிட்டது.

இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் இதே வகுப்பறையில் முகப்பதிவு முகாம் நடந்தது. முகாம் பொறுப்பு எனக்கு. உப்பளத்து வேலையை விட்டு அப்படியே வந்தார்கள். இந்த ஒரு படம்தான் ஆயுசுக்கும் என்று சொன்னேன். உடனே பெண்கள் பின்வாங்கினார்கள். இந்த மூஞ்சியோடவா என்று ஒருத்தி வெட்கப்பட்டாள். என் கைப்பையில் பவுடர் டப்பா இருந்தது. ‘பளிச்சுனு இருக்க வேண்டாமா, வாங்க’ என்று நானே முதல் ஆளுக்குப் போட்டுவிட்டேன். அந்த முதல் ஆள் சந்தனமாரி. முப்பது வயது அவளுக்கு. பிறகு ஆண்களும் கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டார்கள். டப்பா தீர்ந்ததும் கடைக்கு ஆள் அனுப்பி இன்னும் இரண்டு வாங்கினேன். அன்றைக்கு எவ்வளவு சிரிப்பு! கல்யாண வீடு மாதிரி இருந்தது. போட்டோ எடுக்கவென்றால் முகத்துக்குப் பவுடர் போடாமல் நம் ஊரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

நான் அதைக் குருபரனிடம் சொன்னேன்.

“அதை எழுதிக் குடுத்தா மாத்துவாங்களா?” என்றேன்.

“மனுஷன் கை படக்கூடாதுங்கறதுதானே டீச்சர் சட்டமே.”

இரண்டு மணிக்கு மேல் மூன்றாவது தடவைக்காக ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். வந்தார்கள், நின்றார்கள், போனார்கள். கத்தினவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் கத்தவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உப்பு வாரும் பலகையைப் பிடித்துப் பிடித்து மடங்கிப்போன விரல்களால் கும்பிட்டுவிட்டுப் போனார் ஒரு கிழவர். என்னை எதற்குக் கும்பிடுகிறார்? நாலு மணிக்கு நாற்பத்தெட்டுப் பெயர்கள் போயிருந்தன. என்னால் முடிந்தது ஒவ்வொரு பெயருக்கும் நேராகக் கையெழுத்துப் போடுவதுதான். போட்டேன்.

நாலே காலுக்குச் சந்தனமாரி வந்தாள். நேராக மஞ்சள் கோட்டுக்குப் போகாமல் குருபரனின் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

“சார், அது யாரைப் பாத்துட்டு என்னைய இல்லங்குது? அவளை எனக்குக் காட்டுங்க.”

“காட்டக்கூடாதும்மா.”

“என் படந்தான? என் படத்தை நான் பாக்கக்கூடாதா?”

குருபரன் என்னைப் பார்த்தார். நான் தடுக்கவில்லை. அவர் திரையைத் திருப்பினார்.

ஐம்பத்து நாலு வயதுப் பெண் ஒருத்தி திரையில் இருந்தாள். காதோரம் மட்டும் நரை. கன்னத்தில் சதை, கழுத்தில் இரண்டு மடிப்பு. பல் எல்லாம் இருந்தது. கண் நன்றாகத் திறந்திருந்தது. எதிரில் நின்ற சந்தனமாரிக்கு அப்படியில்லை. அளத்தில் மேலே இருந்து ஒரு வெயில், கீழே உப்பிலிருந்து ஒரு வெயில். முகவாய்க்கு அடியில்கூடத் தோல் கறுத்து வெடித்திருந்தது. கூசிக் கூசிக் கண் இடுங்கிப்போயிருந்தது. என்னைவிட ஐந்து வயது சின்னவள். தெரியாதவர்கள் பார்த்தால் எனக்கு அக்கா என்பார்கள்.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“நல்லாத்தான் இருக்கா” என்றாள் கடைசியில். “கஷ்டப்படாம இருந்திருக்கா.” பிறகு தலையைச் சாய்த்து இன்னொரு தடவை பார்த்தாள். “ஏ டீச்சர், இது உங்க சாடையில்லா அடிக்கு! அந்தக் கன்னத்தப் பாருங்க. அந்தக் கழுத்து!”

சரோஜினி எட்டிப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள்.

“அது அப்படித்தான் இருக்கும்” என்றார் குருபரன். “வயசேத்தக் கத்துக்கணும்னா ஒரே ஆளை வருஷக்கணக்கா எடுத்த படம் வேணும். அது யாருகிட்ட இருந்துச்சு? முகம் காட்டி அட்டென்டன்ஸ் போடுற இடத்துலதான். நிழல் கணக்கு பூராவும் இந்த மாவட்டத்து வாத்தியாருங்க, கிளார்க்குங்க முகத்துலேருந்து கத்துக்கிட்டது.”

தினமும் காலை எட்டு ஐம்பதுக்குப் பள்ளி வாசலில் நான் காட்டிவிட்டுப் போன முகம். ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை என்று பெருமை வேறு பேசியிருக்கிறேன். மின்விசிறிக்குக் கீழே முதல் தேதி சம்பளத்தோடு மூத்த முகம். அதைத்தான் இவர்கள் எல்லோருக்கும் மாட்டிவிட்டு, ஏன் உனக்குப் பொருந்தவில்லை என்று கேட்கிறார்கள்.

எப்படிச் சொல்ல வந்தது என்று தெரியவில்லை. “சந்தனமாரி, கதவுகிட்டப் போய் நில்லு” என்றேன்.

“கோட்டுல நிக்க வேண்டாமா?”

“வேண்டாம். கதவு திறந்ததும் உள்ள போ. நாப்பது வினாடிதான். உனக்கு யாருக்குப் போடணுமோ போடு.”

நான் மேஜையில் அவள் வரிசை எண்ணைத் தட்டினேன். நூற்று நாற்பத்தேழு. குருபரன் எழுந்துவிட்டார்.

“டீச்சர், வேண்டாம். இதுக்குப் பேர் என்னன்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும் சார். கள்ள ஓட்டு.”

“எண்பதுக்கு மேல வந்துட்டா இன்னொரு சிக்கல் இருக்கு. அன்னிக்கு நின்ன முகத்தையும் படத்தோட சேத்துக்கும். அப்புறம் இவங்க படம் உங்களை மாதிரியேதான் வளரும்.”

“இல்லன்னா இவ பேரே இருக்காது.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அப்பா ஞாபகம் வந்திருக்கும். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் வாசலில் நின்ற போலீஸ்காரரைக் கூப்பிட்டிருப்பேனோ என்னவோ.

“நீங்க இன்னும் உங்க ஓட்டைப் போடல” என்றார் மெதுவாக. டியூட்டியில் இருப்பவர்களுக்கு ஐந்து மணிக்கு, எல்லோரும் முடித்த பிறகு, இதே சாவடியில் ஓட்டு.

“ஆமா, போடல.”

“ஒரு முகத்துக்கு ஒரு தடவைதான்.”

“அதுவும் தெரியும்.”

அவர் மேஜையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார். “நான் டீ குடிச்சுட்டு வரேன்” என்றார், யாரையும் பார்க்காமல்.

நான் மஞ்சள் கோட்டில் நின்றேன். முப்பத்தைந்து வருஷத்தில் நான் எழுதின அறிக்கைகள், பிடித்துக் கொடுத்த ஆட்கள், பிள்ளைகளுக்கு எழுதிப்போட்ட நீதி வாக்கியங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. பயமாக இருந்தது. அதைவிட அசதியாக இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

ஒத்துப்போகிறது. எண்பத்து மூன்று. வணக்கம், சந்தனமாரி.

கதவு திறந்தது. அவள் உள்ளே போனாள். நான் மனதுக்குள் எண்ணினேன். முப்பத்திரண்டில் வெளியே வந்தாள். சரோஜினி அவள் விரலைப் பிடித்து நகத்தோடு சேர்த்து அழுத்தமாக மை வைத்தாள். வெயிலில் கறுத்த விரலில் அந்த மை சரியாகத் தெரியக்கூட இல்லை.

மீதி பன்னிரண்டு பேர் ஐந்து மணிக்குள் வந்து போனார்கள். எல்லோரும் ஆள் வேறு. என்னிடம் இருந்தது ஒரே ஒரு முகம்தான், அது செலவாகிவிட்டது.

ஐந்து மணிக்கு வாசலை மூடினோம். பணியாளர்கள் எல்லோரும் நின்று முடித்தால்தான் மிஷினும் மூடும். சரோஜினி போட்டாள். போலீஸ்காரர் போட்டார். பிறகு நான் என் எண்ணைத் தட்டிவிட்டுப் போய் நின்றேன்.

இந்த முகம் ஏற்கெனவே வாக்களித்துவிட்டது. நன்றி.

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். “காலையிலயே போட்டுட்டிங்களா டீச்சர்?”

குருபரன் சிரிக்கவில்லை. திரையில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் வந்து நின்றது. அதை நிரப்பினால்தான் அடுத்தது நகரும். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என் எட்டு மாதமும் பென்ஷனும் அந்தக் கட்டத்தில் இருந்தன. பிறகு ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். ‘மிஷின் கோளாறு.’

“காலையிலேருந்து கோளாறே இல்லன்னீங்க” என்றேன்.

“இருக்கு டீச்சர்” என்றார்.

பெட்டிகளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு வெளியே வந்தேன். சாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சந்தனமாரி மட்டும் வாசலில் நின்றாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. அளத்திலிருந்து வெள்ளையாகக் கண்ணில் அடித்தது.

“டீச்சர், கையக் காட்டுங்க.”

நான் காட்டவில்லை. அவளே என் இடது கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் சுத்தமாக இருந்தது. அதைத் தடவிப் பார்த்தாள்.

“உங்க ஓட்டயா எனக்குக் குடுத்திய?”

“உன் ஓட்டைத்தான் நீ போட்ட.”

“யாருக்குப் போட்டேன்னு கேக்க மாட்டியளா?”

“கேக்கக்கூடாது. ரூல்.”

அவள் சிரிக்க முயன்றாள். என் கையை விடவில்லை.

“அந்த சார் சொன்னதக் கேட்டுட்டுத்தான் இருந்தேன். அடுத்த தரம் அது உங்களத் தேடும், என்னயத் தேடாது. அப்படித்தான?”

“ஆமா.”

“அஞ்சு வருசம்.”

“அஞ்சு வருஷம். அப்ப நான் டியூட்டியில இருக்கமாட்டேன் சந்தனமாரி. இங்கயே இருப்பேனான்னும் தெரியாது.”

அவள் தன் தலையில் போட்டிருந்த துண்டை எடுத்து உதறினாள். உப்பு பறந்தது. அதை என் தலைமேல் போட்டு, கன்னம் இரண்டும் மறையும்படி இழுத்துவிட்டு, முகவாய்க்குக் கீழே முடிச்சுப் போட்டாள்.

“பஸ் ஸ்டாப்பு வரைக்கும் இதை எடுக்காதிய” என்றாள். “வெயில்ல மட்டும் அலையாதிய டீச்சர்.”